எண்பதடிக் களம்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். ஆகவே சேகோ ஆலையின் வாடையை நான் விளக்க வேண்டியதில்லை. நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலைத் தொட்டியில் தெளிய விடும்போது, அடியில் தங்கிய மாவு புளித்து எழும்பும் வாடை. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்குப் பசிக்கும்.

பெரியப்பாவுக்கு அப்படி ஓர் ஆலை இருந்தது. அதன் முன்னால் ஜவ்வரிசியும், அரைத்து மிஞ்சும் சக்கையான திப்பியும் காய வைக்கும் பெரிய சிமெண்டுக் களம். கிழங்கு வரத்து நின்றுபோகும் கோடையில் களம் சும்மா கிடக்கும். நான் சொல்ல வருவது அப்படிச் சும்மா கிடக்காமல் போன ஒரு கோடையைப் பற்றி.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா அரசாங்கக் குமாஸ்தா. மாற்றல் உத்தரவு வந்ததும், புது ஊரில் வீடு கிடைக்கும்வரை என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மாற்றல் உத்தரவுகளில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பிற்காலத்தில் அத்தகைய உத்தரவுகளைத் தயாரித்து மேலொப்பத்துக்கு அனுப்பியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரிக்கு அதில் இடமே கிடையாது.

பெரியப்பாவின் ஒரே மகள் அக்கா. பதினாறு வயது. பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். பின்னாளில் பணப்பரிசுப் போட்டிகளில் டென்னிஸ் ஆடியே பிழைத்தவள் இந்த அக்காதான். செய்தித்தாளை விளையாட்டுப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் அவள் பெயரை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தோற்றவர் பெயர் வரும் இடத்தில்.

கிழங்கு மில்காரர் மகளுக்கும் டென்னிஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெரியப்பாவின் ரோஷம்தான் சம்பந்தம். பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூல் ஆலைக்கு அவர் பாவு நூலை விறைப்பாக்கும் கஞ்சிக்கான மாவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் அந்த ஆலை மேலாளரைப் பார்க்கப் போனபோது, மேலாளர் குடியிருப்புக்குள் கம்பி வலைக்குப் பக்கத்தில் நின்று தன் மகள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பாவை உட்காரச் சொல்லவில்லை. ஆட்டம் முடியும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த பெரியப்பா சட்டையைக் கழற்றாமலே பெரியம்மாவிடம் சொன்னாராம்: "ஒரு புள்ள பந்தடிக்கறதப் பாக்கறதுக்கு என்னைய வெய்யில்ல நிக்க வெச்சுப்போட்டான். அப்ப அதுல என்னமோ இருக்குது. நம்ம புள்ளையும் அடிக்கட்டும்."

அக்கா படித்த பள்ளியின் டிரில் வாத்தியார், கோடுகூடப் போடாத பள்ளி மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். அவருக்கு டென்னிஸ் புத்தகத்தில் பழக்கம். இரண்டு வருஷத்தில் அக்காவுக்கு வாத்தியாரை மிஞ்சிய கை வந்துவிட்டது. அந்தக் கோடையின் முடிவில் சேலத்தில் ஒரு தேர்வு நடப்பதாகவும், தேறினால் மெட்ராஸில் தங்கிப் பயிற்சி பெறலாம் என்றும் தெரியவந்தது. பெரியப்பா களத்திலேயே கோர்ட் போட முடிவு செய்தார்.

பெரியம்மாவுக்கு வேறு முடிவு இருந்தது. தம்மம்பட்டியில் அவருடைய அண்ணன். அண்ணனுக்குப் பாக்குத் தோப்பு. தோப்புக்கு ஒரு மகன். பெரியப்பாவும் பெரியம்மாவும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சேலத்தில் அக்கா தேறினால் கல்யாணப் பேச்சு இரண்டு வருஷம் தள்ளிப்போகும். தேறாவிட்டால் ஆவணியில் முகூர்த்தம். அக்காவைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், நம் காலத்து ஆட்கள்தானே.

கோர்ட் போட அளவு பிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பெரியம்மாவின் ஏற்பாட்டில் மனையடி பார்க்கிறவர் வந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் நூல் கயிறு. வாத்தியார் புத்தகத்தைப் பார்த்து எழுபத்தெட்டு அடி நீளம் என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுபத்தெட்டு ஆகாதுங்க. பொட்டப்புள்ள பொழங்கற எடம்."

"அப்ப எத்தனைங்க வெக்கோணும்?" என்றார் பெரியம்மா.

"எண்பது. லட்சுமி வாசம் பண்ணுவா."

வாத்தியார் புத்தகத்தை நீட்டினார். "ஏனுங்க மொதலாளி, இது ஊடு இல்லீங்க, கோர்ட்டுங்க. ஒலகம் பூரா எழுபத்தெட்டுதானுங்க."

"ஒலகத்துல ஆடறவங்க ஆடிப்போட்டுப் போறாங்க வாத்தியாரே. இங்க ஆடறது என்ற புள்ள. கொறச்சாத்தான தப்பு? ரெண்டடி சேத்தி இருந்தா எடம் தாராளமா இருக்குமல்லோ?" என்றார் பெரியப்பா.

பெரியப்பா மூட்டைக்கு ஒரு கை மாவு கூடப் போட்டே தொழிலில் பேர் வாங்கியவர். கூடுதலாக இருப்பது ஒருவரைக் கெடுக்கும் என்பது அவர் அறிவுக்கு எட்டாத விஷயம். வாத்தியாரின் மகன் பெரியப்பாவின் ஆலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். புத்தகம் மூடிக்கொண்டது. வலைக்கு இருபுறமும் ஆளுக்கு ஓர் அடியாக லட்சுமிக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

சுண்ணாம்புக் கோடு அழிந்துவிடும் என்று, சிமெண்டை உளியால் கொத்தி வரி எடுத்து, வெள்ளைச் சிமெண்டு பூசினார்கள். வலைக் கம்பங்கள் பழைய லாரியின் ஆக்சில்கள். வலை, லாரித் தார்ப்பாய் கட்டும் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பின்னியது. அதில் ஒரு பந்து அடித்தால் வலை முழுக்க ஆடி நிற்க வெகுநேரம் ஆகும்.

அக்காவின் மட்டை இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மரமட்டை. ஆடாத நேரத்தில் அது கோணிக்கொள்ளாமலிருக்க நான்கு திருகு வைத்த ஒரு மரச்சட்டத்தில் பூட்டி வைப்பாள். திருகைத் தளர்த்துவதும் இறுக்குவதும் எனக்குக் கிடைத்த பெருமை. சட்டத்துக்குள்ளிருந்து வார்னிஷும் வியர்வையும் கலந்த ஒரு மணம் வரும். பெரியம்மா தைக்க வைத்த வெள்ளைப் பாவாடை முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எங்கள் ஆலை மாவிலேயே கஞ்சி போட்டதால் அக்கா ஓடும்போது காகிதம்போல் சரசரக்கும். ஆடும்போது பந்துகள் பறந்து, பருவம் முடிந்தும் மிச்ச மாவு கரைந்து கிடக்கும் தொட்டியில் விழும். கனத்துப்போய் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். கழுவிக் களத்தின் ஓரத்தில் வரிசையாகக் காய வைப்போம். பார்ப்பவர்கள் ஏதோ பெரிய ரக ஜவ்வரிசி என்று நினைக்கலாம்.

எதிர்ப்பக்கம் வாத்தியார் ஆடுவார். எனக்குக் கோடு பார்க்கும் வேலை. கடைக்கோட்டுக்கு நேராக ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, பந்து விழுந்ததும் "உள்ள" அல்லது "அவுட்டு" என்று கத்த வேண்டும். அக்காவின் பலமே ஆழமான அடிதான். எதிராளியின் காலடியில், கடைக்கோட்டை ஒட்டி, பந்து மாற்றி பந்து விழும். பாதிக்கு மேல் லட்சுமியின் அந்த ஓர் அடிக்குள் விழும். "உள்ள! உள்ள! உள்ள!" என்று தொண்டை கட்டும்வரை கத்துவேன். நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகத்தில் நான் செய்ததும் இதேதான். யாரோ போட்ட கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்வது. கோட்டைப் பற்றிக் கருத்துச் சொல்வது பணி விதிகளில் இல்லை.

தம்மம்பட்டி மாமா வாராவாரம் வருவார். வெற்றிலையை மடித்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார்.

"ஏ மருமவளே, இதென்ன பொழப்பு? தள்ளிவுட்டாலும் பந்து திரும்பித் திரும்பி வருது. எங்க தோப்புல பாக்கு உழுந்தா உழுந்ததுதான். குனிஞ்சு பொறுக்குனாப் போதும்."

"அதாங்க மாமா, அங்க எனக்கென்னுங்க வேல?" என்றாள் அக்கா, அடுத்த பந்தைத் தூக்கிப் போட்டபடியே.

மாமா வெற்றிலைச் சாற்றோடு சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. ஆடுகிறவளுக்கென்று தினமும் கொடுக்கும் முட்டை அன்றிரவு அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

தேர்வு நாளன்று வாடகை வண்டியில் சேலம் போனோம். ஒரு கிளப்பின் செம்மண் கோர்ட். ஆட்டத்துக்கு முன்னால் அக்கா வலையிலிருந்து கடைக்கோடு வரைக்கும் ஒருமுறை நடந்து போனாள். குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி வைத்து, கிணற்றுச் சுவரின் மேல் நடப்பவளைப்போல. கோட்டில் போய் நின்று கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மண் வழுக்குமா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

எதிரே வந்து நின்றவள் அந்த நூல் ஆலை மேலாளரின் மகள். மேலாளர் தோளில் துண்டோடு வலைக்கு வெளியே நின்றார். பெரியப்பா அவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். இந்த முறை யாரும் அவரைக் காக்க வைக்கவில்லை, தானாகவே நின்றார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அக்கா வீட்டில் அடிப்பதைப் போலவே அடித்தாள். பந்துகள் வீட்டில் விழும் இடத்திலேயே விழுந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொன்றுக்கும் "அவுட்" என்றார். முதலில் கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னவர், பிறகு பஸ் நடத்துநர் ஊர்ப்பெயர் சொல்வதைப்போலச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அடியைக் குறைத்துப் பார்த்தாள். குறைத்தபோது பந்து பாதிக் களத்தில் குழைந்து விழுந்தது. மேலாளரின் மகள் ஓடிவந்து அதை அடித்துத் தள்ளினாள். சீக்கிரமே முடிந்துவிட்டது.

தேர்வுக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்தவர் ஓர் அம்மா. பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம். ஆட்டம் முடிந்ததும் வெற்றி பெற்ற பெண்ணிடம் போகாமல் எங்களிடம் வந்தார்.

"உங்க பொண்ணா? இவ தப்பா அடிக்கலை. எல்லாப் பந்தும் ஒரே இடத்துல விழுது. கோட்டுக்கு ஒரு அடி தள்ளி, வரிசையா. எங்க பழகறா?"

"நம்ம களத்துலதானுங்க. சொந்தமாப் போட்ட கோர்ட்டுங்க, சிமெண்டு," என்றார் பெரியப்பா.

"நீளம் எவ்வளவு?"

எண்பது என்று எங்கள் ஆலையில் கிழங்கு உரிக்கிற பெண்களுக்குக்கூடத் தெரியும். பெரியப்பா மேலாளரைப் பார்த்தார். மேலாளர் துண்டை மகளிடம் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சட்டப்படிதானுங்க. எழுபத்தெட்டு."

அந்த அம்மா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, "ஆமாங்க," என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்காவின் ஷூ என் பாதத்தின் மேல் வந்து அழுத்தியது.

"நீ சொல்லும்மா," என்றார் அந்த அம்மா அக்காவிடம். "அளவு சரிதானா?"

"சரிதானுங்க," என்றாள் அக்கா.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "அப்படின்னா கைதான் சரியில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை படித்த பட்டியலில் அக்கா பெயர் கடைசியில், காத்திருப்போரில் இருந்தது. அழுத்தம் வந்தால் கட்டுப்பாடு போய்விடுகிற ஆட்டக்காரி என்று காரணம் சொன்னார்களாம். ஒருவரைப் பற்றி முதல் குறிப்பில் விழுகிற சொல், அடுத்தடுத்த குறிப்புகளில் யாரும் சரிபார்க்காமல் தொடரும். அக்காவைப் பற்றிப் பிறகு எழுதியவர்கள் எல்லோரும் இதையே வேறு வேறு வார்த்தைகளில் எழுதினார்கள்.

திரும்பும் வழியில் வண்டியில் காரணங்கள் அலசப்பட்டன. நாற்காலியில் இருந்தவர் சேலத்துக்காரர், ஓரவஞ்சனை செய்தார் என்றார் பெரியப்பா. பாவாடை இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும், ஊர்க் கண்ணெல்லாம் பட்டுவிட்டது என்றார் பெரியம்மா. செம்மண் மேல் பழி போட்டார் வாத்தியார். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். நெடி வந்தது, எல்லோரும் இருமினோம். நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம் என்றார்கள். அந்தக் காரணமும் தள்ளுபடியானது.

அடுத்த நாளிலிருந்து வாத்தியார் எதிர்ப்பக்கம் நின்று, "உள்ள போடு கண்ணு, இன்னும் உள்ள," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் ஒரு கயிற்றைக் கிடத்தினால் போதும். ஆனால் அந்தக் கயிறு பெரியப்பாவைப் பொய்யர் என்று சொல்லிக்கொண்டு கிடக்கும். ஆகவே கோடு அப்படியே இருந்தது, அக்கா உள்ளே வந்தாள். கோட்டிலிருந்து எத்தனை தள்ளி அடித்தால் பத்திரம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் நிறையவே தள்ளி அடித்தாள். நான் சாக்கில் உட்கார்ந்து "உள்ள" என்று சொன்னேன். சந்தேகமே எழவில்லை.

மாமா ஆவணிக்கு நாள் குறிக்க வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். "போவுது, ஒரு மாசந்தான," என்று மாமா வெற்றிலைப் பையைச் சுருட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு மாதத்துக்குள் மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. தேர்வான பெண்களில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலையாம், காத்திருந்தவர் வரலாம் என்றார்கள். மனையடி கெடுத்ததை ஆடி காப்பாற்றியது. இந்த இரண்டில் எதை நம்புவது என்று இந்த வயதிலும் எனக்குத் தெளிவில்லை.

அதன் பிறகு அக்காவைச் செய்தித்தாளில்தான் அதிகம் பார்த்தேன். மெட்ராஸ், கல்கத்தா, பிறகு பெயர் உச்சரிக்க வராத சில வெளிநாட்டு ஊர்கள். முதல் சுற்றில் ஜெயிப்பாள், இரண்டாவதில் நெருங்கி வந்து தோற்பாள். நல்ல கால்கள், நல்ல மனசு, ஆனால் பந்து ஆழம் போதாமல் நடுக்களத்தில் விழுகிறது என்று எழுதினார்கள். தோளும் முழங்காலும் போன பிறகு நிறுத்தினாள். கோயம்புத்தூரில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தாள். கல்யாணம் தாமதமாக நடந்தது, சீக்கிரம் முடிந்தது. அது வேறு கோப்பு.

சேகோ ஆலை நொடித்ததும் பெரியப்பா களத்தின் மேல் கோழிப் பண்ணைக் கொட்டகை போட்டார். தரை ஏற்கெனவே சிமெண்டு, அளவும் சுத்தம், எண்பதடி. முட்டை நாமக்கல்லை வாழவைத்த காலம் அது. அந்த ஒரு கொட்டகை ஆறு கொட்டகை ஆயிற்று. மனையடி பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அவர் லட்சுமியைக் கோழிகளுக்காக அழைத்திருந்தார், அவள் வரக் கொஞ்சம் காலதாமதம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்விட்டார்கள். போன மாதம் அந்த இடத்தை விற்பதற்கு முன்னால் அக்கா என்னை வரச் சொன்னாள். வில்லங்கம், பட்டா, அளவு எல்லாம் பார்த்துக்கொடுக்க ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரி குடும்பத்தில் ஒருத்தி இருப்பது வசதி. கொட்டகையைப் பிரித்து, எருவை அள்ளி, டேங்கர் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவியிருந்தார்கள். வாடை போகவில்லை. ஈரம் காயக் காய வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. உளியால் கொத்திப் பூசியது, வீண்போகவில்லை.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வாயில் வந்துவிட்டது.

"ஏனக்கா, அன்னிக்குச் சேலத்துல உனக்கே தெரியாதா?"

"தெரியாமென்ன? டாஸ் போடறதுக்கு முன்னாலயே அடி வெச்சுப் பாத்துட்டனே."

"அப்பறம் அந்தம்மா கேட்டப்ப ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்பாங்களே."

அக்கா சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவங்க எடுத்திருப்பாங்க. அப்பா உட்டிருக்க மாட்டாரு. பக்கத்துல அந்த மேனேஜரு நின்னாருல்ல, ஒரு சிரிப்புச் சிரிச்சிருப்பாரு. அப்பா என்னைய அப்படியே வண்டியில ஏத்தி நேரா தம்மம்பட்டியில எறக்கியிருப்பாரு. களத்துல அடுத்த நாளே கெழங்குத் திப்பி காஞ்சிருக்கும். அவரு சிரிப்பத் தாங்கமாட்டாரு பாப்பா. அவுட்டு நான் தாங்கிக்குவேன்."

"மெட்ராஸ்ல எல்லாம் சரியான கோர்ட்டுதான? அங்க போய் மாறியிருக்குமே."

"மாறுச்சு. சும்மா ஆடறப்ப எல்லாம் நல்லா ஆழமாத்தான் போவும். அஞ்சுக்கு அஞ்சுன்னு வந்துருச்சுன்னா கை பயந்துக்கும்." தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள், இன்னொருவர் பொருளைப் பார்ப்பதுபோல. "கைக்குச் சொல்லிப் புரிய வெக்க முடியுமா?"

அவள் குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். இருந்ததாகச் சொல்ல முடியாது. வில்லங்கச் சான்றிதழ் பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

ஆக்சில் கம்பம் ஒன்றின் அடிப்பகுதி அறுத்தது போக இன்னும் தரையில் முளைத்து நின்றது. அக்கா அதிலிருந்து நடக்கத் தொடங்கினாள். அளந்து நடக்கவில்லை. அறுவைசிகிச்சை செய்த முழங்காலோடு, சாதாரணமாக, கொஞ்சம் சாய்ந்து. கடைக்கோட்டை நெருங்கியதும் நின்று, வலையிருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பழைய வழக்கத்தில் கோட்டுக்கு நேராகப் போய் நின்றிருந்தேன். அவளுடைய குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓர் அடி இடம் இருந்தது.

"அக்கா, கோடு உனக்குப் பின்னால இருக்குது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது அப்பாவோட கோடு," என்றாள்.

அங்கேயே நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானும் என் இடத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் வந்து விழவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.